பின்தலை முடியில் நாற்பத்திரண்டு

பாசல்
14 அக்டோபர் 2013

யோஸ்டுக்கு,

நானும் நதீனும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். என் இரத்த அழுத்தம் இந்த மாதம் கட்டுக்குள் இருக்கிறது. நீ கூப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறியது. அதனால் மறுபடி சொல்கிறேன், போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டாலே எனக்கு ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வருகிறது. சொல்ல வேண்டியதை எழுது. எழுத்தில் உளறினால் நாளைக்கு எடுத்துக் காட்டலாம்.

அப்பா ரோட்மாட் மலை மேய்ச்சலை நம் இரண்டு பேர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனது என் தலைவிதி. என் பங்கை நீ வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் பிப்ரவரி கடைசியோடு முடிகிறது. என் கையெழுத்து இல்லாமல் வரும் கோடையில் உன் மாடுகள் அங்கே ஏற முடியாது. நிபந்தனை பழையதுதான். போக்குவரத்து அலுவலகத்துக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை உன் தலைமுடியை வெட்டிச் சோதிக்கிறார்களே, அந்த முடிவின் நகல் எனக்கு வர வேண்டும். ஆறு வருடம் முன்னால் குடித்துவிட்டுக் காரை ஓட்டி, உள்ளே இருந்த பதினாறு வயதுப் பெண்ணின் முழங்காலை நொறுக்கினாய். உனக்கு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த அலுவலகமே உன் வாயை நம்பாமல் முடியைக் கேட்கிறது. நான் மட்டும் எதற்குச் சும்மா நம்ப வேண்டும்?

இந்தத் தடவையும் சுத்தம் என்று வந்தால் பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் என் பாதியை வெண்டலினுக்கு விற்றுவிடுவேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மிச்சப் பாதியில் உன் மாடுகளில் பாதிகூட நிற்காது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இன்னொன்று. அப்பா வடித்த பேரிக்காய்ச் சாராயம் ஆறு லிட்டர் நிலவறையில் இருந்தது. என்ன ஆயிற்று என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். வீட்டில் ஒரு சொட்டுகூட இருக்காது என்று சத்தியம் பண்ணியது நீதான்.

நதீன் கண்ணாடிக் கடை வேலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறாள். குளிர் வந்தால் காலில் வலிதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

மார்லீஸ்


ஹிண்டரெக்
12 நவம்பர் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாடுகளும் நலம், ஒன்றுக்கு மட்டும் குளம்பில் புண். உன் இரத்த அழுத்தம் எப்படி? நதீன் கால் எப்படி? ஒரு மாதமாகப் பதில் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். முடிவு வரட்டும் என்று இருந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாசலுக்குப் போன பிறகு உனக்கு மேய்ச்சல் என்றால் சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டர் படம். கோடையில் ஒரு நாள்கூட மேலே வந்து ஒரு வேலிக்கம்பு நட்டதில்லை. எனக்கு அது பிழைப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் அங்கே காய்ச்சும் பாலாடைக்கட்டியில்தான் மிச்ச எட்டு மாதமும் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அதை என் கழுத்தில் கயிறாகக் கட்டி வருடா வருடம் இழுத்துப் பார்க்கிறாய்.

முடிவு வந்துவிட்டது. நகல் இதோடு இருக்கிறது. மறைக்க நினைத்திருந்தால் தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். பார்த்துக்கொள்: பின்தலை முடியில் குடித் தடயம் நாற்பத்திரண்டு. இதற்கு முந்தைய நாலு தடவையும் ஒன்றுமே இல்லை. லைசென்ஸை இருபத்திரண்டாம் தேதிக்குள் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் குடிக்கவில்லை, அக்கா. ஒரு வாய்கூட இல்லை. செப்டம்பரில் வெண்டலின் மகள் கல்யாணத்தில் ஆப்பிள் ஜூஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஊரே சிரித்தது. அந்த நாற்பத்திரண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. இந்தச் சோதனைகளைக் கவனிக்கும் டாக்டர் லூத்தி அம்மாவைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன், டிசம்பரில்தான் கிடைத்தது. அதுவரை கொஞ்சம் பொறு. இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

அப்பாவின் சாராயத்தைக் கேட்டாய். அது இப்போது குடிக்கிற நிலையில் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்காதே.

நதீனை விசாரித்ததாகச் சொல்.

யோஸ்ட்


பாசல்
15 நவம்பர் 2013

யோஸ்டுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனசில்லை.

அந்தத் தாளின் பின்பக்கத்தைப் படித்தாயா? நான் நாலு தடவை படித்தேன். ஏழுக்குக் கீழே இருந்தால் குடிக்காதவன். ஏழிலிருந்து முப்பது வரை அளவோடு குடிப்பவன். முப்பதைத் தாண்டினால் மாதக்கணக்கில், நாள் தவறாமல், மூக்குமுட்டக் குடிப்பவன். உனக்கு நாற்பத்திரண்டு. கல்யாணத்தில் ஒரு வாய் நனைத்துவிட்டேன் என்று நீ சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒரு வாய்கூட இல்லை என்று எழுதுகிறாய், அதுவும் அந்தத் தாளையே மடித்து உள்ளே வைத்து.

அன்றைக்கும் இதே வார்த்தைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில், சட்டையெல்லாம் என் மகளின் இரத்தத்தோடு நின்று, “ரெண்டே கிளாஸ்க்கா, சத்தியமா ரெண்டே கிளாஸ்” என்றாய். போலீஸ்காரர் அளந்து சொன்னது வேறு கணக்கு. நீ குடிப்பதைக்கூட மன்னித்துவிடலாம். குடித்த வாயால் சத்தியம் பண்ணுகிறாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

நீ பொய்யன், யோஸ்ட். சின்ன வயதிலிருந்து பொய்யன். முடிக்கு வாய் இல்லை, அதனால் அது உண்மையைச் சொல்லிவிட்டது. சாராயம் குடிக்கிற நிலையில் இல்லையாம்! ஆறு லிட்டரும் உன் வயிற்றில் இருந்தால் எப்படிக் குடிக்கிற நிலையில் இருக்கும்?

வெண்டலினுக்கு இன்றே எழுதுகிறேன்.

மார்லீஸ்


பாசல்
6 டிசம்பர் 2013

யோஸ்டுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி என்று கேட்டால் யார் பதில் சொல்லப் போகிறார்கள்? மூன்று வாரமாகிவிட்டது. ஒரு வரி இல்லை.

வெண்டலின் உடனே பதில் போட்டுவிட்டான். பத்திரப் பதிவாளரிடம் ஜனவரி கடைசியில் போகலாம் என்கிறான். கூடவே, நீ போன மாதத்திலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, பால் கொடுக்க வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாய் என்றும் எழுதியிருக்கிறான். நான் கேட்காமலே எழுதியிருக்கிறான். அவனுக்கு இதில் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குப் புரியாமலில்லை.

திட்டினால் திருப்பித் திட்டுவாய் என்று நினைத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாளாவது அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் இருந்திருக்கிறாயா? இந்த மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தெரிகிறது. நீ ஒப்புக்கொண்டுவிட்டாய்.

பதினைந்தாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் வெண்டலினுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிடுவேன். நதீன் உனக்கு ஒரு பொட்டலம் தேன் ரொட்டி வாங்கி வைத்திருக்கிறாள். அனுப்பவா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்லீஸ்


ஹிண்டரெக்
9 டிசம்பர் 2013

அக்காவுக்கு,

நலம். மாட்டுக் குளம்பு ஆறிவிட்டது. தேன் ரொட்டி சனிக்கிழமை வந்தது. நதீனிடம் நன்றி சொல். நீ ஒன்றும் சொல்லாததற்கு உனக்கும் நன்றி.

மூன்று வாரம் எழுத முடியவில்லை. மாட்டு வேலை. அதை விடு.

போன வியாழக்கிழமை டாக்டர் லூத்தியைப் பார்த்தேன். அந்த அம்மா என் தாளை மேசையில் விரித்து வைத்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அக்டோபரில் முடி வெட்டிய அதே நாளில் இரத்தமும் எடுத்திருந்தார்கள். நாள் தவறாமல் குடிக்கிறவன் இரத்தத்தில் மூன்று நாலு வாரத்துக்கு அதன் தடயம் இருக்குமாம். என் இரத்தத்தில் ஒன்றுமே இல்லை.

“இங்கதான் கணக்கு இடிக்குது யோஸ்ட்,” என்றார். “ஒண்ணு, முடி வெட்டறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நீங்க சுத்தமா நிறுத்தியிருக்கணும். இல்ல, இந்த முடிக்கு வேற ஏதோ ஆயிருக்கணும். தலையில என்ன தடவுறீங்க?”

தண்ணீரும் சோப்பும் என்றேன். அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, கன்றுக்குட்டியை மோந்து பார்க்கிற மாதிரி என் தலையை மோந்து பார்த்தார். “சோப்புல இந்த வாசனை வராதே,” என்றார்.

சரி, உனக்கும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் சாராயத்தைக் கீழே ஊற்ற என்னால் முடியவில்லை. அவர் சாகும் வருடத்தில் கையால் வடித்தது. மூன்று தடவை நிலவறைக்கு இறங்கினேன், மூன்று தடவையும் மூடியைத் திறக்காமலே ஏறி வந்தேன். கண்ணெதிரே சாராயமாகவே இருந்தால் என்றாவது ஒரு நாள் குடித்துவிடுவேன் என்று பயம். போன மே மாதம், நம் ஊர் ஆட்கள் முடி கொட்டாமலிருக்கப் போடுவார்களே, செந்தட்டி இலையும் பிர்ச் இலையும், அதை ஒரு கூடை பறித்து ஆறு லிட்டரிலும் போட்டு ஊறவைத்தேன். பச்சையாகக் கசந்து கிடக்கும், எவனும் வாயில் வைக்க முடியாது. ஜூலையிலிருந்து காலையிலும் சாயங்காலமும் தலையில் தேய்க்கிறேன். உன்னிடம் சொன்னால் வீட்டில் சாராயம் வைத்திருக்கிறாயா என்று குதிப்பாய். அதனால் சொல்லவில்லை. தலைக்குத் தேய்க்கிறது தலைமுடிச் சோதனைக்குள் வரும் என்று என் மரமண்டையில் உறைக்கவே இல்லை.

அந்த அம்மா சிரிக்கவில்லை. குடித்தால் உடம்புக்குள் உண்டாகும் அதே பொருள், இலையும் சாராயமும் வாரக்கணக்கில் ஒன்றாக ஊறினால் பாட்டிலுக்குள்ளேயே உண்டாகலாமாம். அதைத் தேய்த்தால் முடி உறிஞ்சிக்கொள்ளுமாம். மிச்சமிருந்த தைலத்தை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். என் காலிலிருந்து முடி எடுத்திருக்கிறார். கால்முடி பல மாதத்துக் கதையைச் சொல்லும், அங்கே எதுவும் தேய்க்கவில்லையே என்றார். இல்லை என்றேன். முடிவு ஜனவரியில் வரும்.

அதுவரை வெண்டலினை நிறுத்தி வை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

யோஸ்ட்


பாசல்
14 டிசம்பர் 2013

யோஸ்டுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

ஆறு லிட்டர் சாராயத்தைத் தலை குடித்துவிட்டதாம், வாய்க்குத் தெரியவே தெரியாதாம். நம் அப்பா இருந்திருந்தால் உனக்கு ஒரு கிளாஸை ஊற்றித் தலையில் கவிழ்த்திருப்பார். இத்தனை வருடத்தில் நீ சொன்ன பொய்களில் இதற்குத்தான் முதல் பரிசு. டாக்டர் அம்மாவுக்கு உன்னைப் போல எத்தனை பேர் வருவார்கள்? இருமல் மருந்து என்பான் ஒருவன், பழுத்த வாழைப்பழம் என்பான் இன்னொருவன்.

சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நீ பொய்யன்தான். ஆறு லிட்டர் வீட்டில் இருந்தது. இரண்டு தடவை கேட்டேன், மழுப்பினாய். ஊற்ற முடியவில்லை என்று அன்றைக்கே எழுதியிருந்தால் நானே ரயிலேறி வந்து ஊற்றிவிட்டுப் போயிருப்பேன். எனக்கு அப்பா மேல் உன்னளவுக்குப் பாசம் இல்லை, கை நடுங்காது.

வெண்டலினிடம் ஜனவரி கடைசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்காக இல்லை. நதீன் சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “கால்முடி வரட்டும்மா” என்றாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் சொல்லும்போது நான் என்ன எதிர்த்துப் பேச முடியும்?

கிறிஸ்துமஸ் வாழ்த்து.

மார்லீஸ்


ஹிண்டரெக்
20 ஜனவரி 2014

அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

இரண்டு தாள் இணைத்திருக்கிறேன். தைலத்தில் அந்தப் பொருள் நிறைய இருக்கிறது. கால்முடியில் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. “மது அருந்தவில்லை என்ற கூற்றோடு இந்த முடிவு முரண்படவில்லை” என்று கீழே எழுதியிருக்கிறார்கள். லைசென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே பனி கூரை வரை இருக்கிறது.

யோஸ்ட்


பாசல்
25 ஜனவரி 2014

யோஸ்டுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? உன் கடிதம் எட்டே வரி. அதில் ஒன்று பனியைப் பற்றி.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. பழக்கம் இல்லை. வீட்டில் எல்லோரும் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆனாலும் எழுதியதை எழுதவில்லை என்று சொல்ல முடியாது. நவம்பரில் உன்னைப் பொய்யன் என்று எழுதினேன். அன்று நீ உண்மையைச் சொல்லியிருக்கிறாய். ஒரு தாளின் பின்பக்கத்தை நாலு தடவை படித்த நான், உன் கடிதத்தை ஒரு தடவைகூட ஒழுங்காகப் படிக்கவில்லை. அது என் தப்பு. தூக்கமே இல்லை இந்த நாலு நாளும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பத்து வருடம். நீயும் போட்டு, பிப்ரவரி கடைசிக் கூட்டத்துக்கு முன் மேய்ச்சல் சங்கத்தில் கொடுத்துவிடு. வெண்டலினுக்கு இல்லை என்று எழுதிவிட்டேன். அவன் இனி உன்னைப் பற்றி எனக்குச் சேதி எழுத மாட்டான் என்று நினைக்கிறேன், அதுவே பெரிய லாபம்.

ஒன்றுதான் புரியவில்லை. நீ ஜெயித்துவிட்டாய். நியாயமாக எனக்கு எட்டுப் பக்கம் நக்கல் வந்திருக்க வேண்டும். “இப்போ யாருக்கா பொய் சொன்னது, முடியா நானா?” என்று கேட்டிருக்க வேண்டும். நான் அதற்குத் தயாராகத் திட்டுகூட யோசித்து வைத்திருந்தேன். ஏன் இப்படி வாயடைத்துப் போயிருக்கிறாய்? உடம்பு சரியில்லையா?

மார்லீஸ்


ஹிண்டரெக்
2 பிப்ரவரி 2014

அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் தூங்கு. உன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள நான் தகுதியானவன் இல்லை என்று இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன்.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. லைசென்ஸைப் பதிவுத் தபாலில் அனுப்புவதற்காகக் காரில் ஊருக்குள் இறங்கினேன். தபால் ஆபீஸில் உன் கடிதம் காத்திருந்தது. காருக்குள் உட்கார்ந்து படித்தேன். பகல் இரண்டு மணி இருக்கும். எதிரே குதிரைப் படம் போட்ட விடுதி. உள்ளே போய், சாராயம் ஊற்றிய காப்பி கேட்டேன். விடுதிக்காரம்மா என்னைப் பார்த்தாள், பிறகு கொண்டுவந்து வைத்தாள். மூன்று கிளாஸ் குடித்தேன். இந்தத் தடவை எண்ணிக்கை சரியானது. லைசென்ஸ் அன்றைக்குத் தபாலில் போகவில்லை, மறுநாள்தான் போயிற்று.

ஆறு வருடத்தில் அது ஒன்றுதான். அதற்குப் பிறகும் இல்லை. நீ எழுதியதால்தான் குடித்தேன் என்று உன் தலையில் கட்ட மாட்டேன். கடிதத்தை எழுதியது நீ, கிளாஸைத் தூக்கியது என் கை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். குடிக்காமலே குடிகாரன் என்றாகிவிட்டது, பிறகு எதற்கு இந்த நோன்பு என்று தோன்றியது. மூன்றாவது கிளாஸில் அந்தக் கோபம் போய்விட்டது. வெறும் அசிங்கம்தான் மிச்சமிருந்தது.

கால்முடியில் ஒரு நாள் குடி தெரியாது. நானே டாக்டர் அம்மாவிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன், யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றி விசாரிப்பது போல. “ஒரு நாள் ரெண்டு நாள் குடிச்சதெல்லாம் முடியில மாட்டாது. அதனாலதான் நாங்க குடிக்கலன்னு எழுதறதில்ல, முரண்படலன்னு எழுதறோம்,” என்றார். அந்த வரியை இப்போது இன்னொரு தடவை படி. முதல் தாள் நான் குடிக்காதபோது குடித்தேன் என்றது. இரண்டாவது தாள் வந்தபோது நான் குடித்திருந்தேன், அது என்னை விட்டுவிட்டது. எனக்கு அவமானமாக இருக்கிறது, அக்கா. நீ மன்னிப்பு மாதிரி ஒன்றை எழுதி அனுப்பியிருக்காவிட்டால் ஒருவேளை இப்படியே அமுக்கியிருப்பேன்.

மேய்ச்சலை விற்பதென்றால் விற்றுவிடு. நதீனிடம் நீயே சொல். எனக்கு முடியாது.

யோஸ்ட்


பாசல்
5 பிப்ரவரி 2014

யோஸ்டுக்கு,

நலம். ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். மூன்று கிளாஸ் குடித்த பிறகு நீ வீட்டுக்கு எப்படிப் போனாய்?

மார்லீஸ்


ஹிண்டரெக்
8 பிப்ரவரி 2014

அக்காவுக்கு,

நலம். நீ இதைத்தான் கேட்பாய் என்று தெரியும்.

நடந்து போனேன். காரைத் தபால் ஆபீஸ் எதிரேயே விட்டுவிட்டேன். ஒன்பது கிலோமீட்டர், ஏற்றம், கணுக்கால் வரை புதுப்பனி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பால் கறக்கத் தாமதமாகி மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. மறுநாள் விடிந்ததும் இறங்கிப் போய்க் காரை எடுத்து வந்தேன்.

வழியில் யாரும் எதிரே வரவில்லை. பார்த்தவர் ஒருவரும் இல்லை. சாவி சட்டைப்பையில்தான் இருந்தது, ஒரு தடவை கையில்கூட எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சோதித்துச் சொல்ல ஒரு டாக்டரும் கிடையாது. நம்பினால் நம்பு.

யோஸ்ட்


பாசல்
12 பிப்ரவரி 2014

யோஸ்டுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை தெரிந்துகொள்வதற்காகவே கேட்கிறேன்.

உன் இரண்டு கடிதங்களையும் நதீனிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, “மாமா நடந்துதான்மா போயிருப்பாரு,” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“தெரியாது. ஆனா நடந்திருப்பாரு.”

நான் இரண்டு நாள் யோசித்தேன். சாவியைக் கையில் எடுத்தேன் என்று நீ எழுதாமலே விட்டிருக்கலாம். நான் உன் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன், அது இந்த ஜென்மத்தில் தீருமா என்று தெரியவில்லை. ஆனால் நடந்தாய் என்பதை நம்புகிறேன். நவம்பர் கடிதத்தைப் பற்றி நீ என்ன சொன்னாலும், அதை எழுதிய கையை எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

நீ செய்ய வேண்டியது இது. டாக்டர் லூத்தியிடம் போய், மூன்றாம் மனிதன் கதையெல்லாம் இல்லாமல், பத்தொன்பதாம் தேதியையும் மூன்று கிளாஸையும் சொல். செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. லைசென்ஸ் போகும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ, போகட்டும்.

ஒப்பந்தத்தைத் திரும்ப வைத்திருக்கிறேன். என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. இனி எனக்கு முடிச் சோதனையின் நகல் எதுவும் அனுப்ப வேண்டாம். குடித்தால் எழுது, குடிக்காவிட்டாலும் எழுது.

மலையிலிருந்து பாலாடைக்கட்டியை யார் இறக்குவது என்று கேட்பாய். நதீன் போன வருடம் லைசென்ஸ் எடுத்தாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். இடது கால் மடங்காததால் கிளட்ச் இல்லாத பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாள். கடையில் ஜூலை முழுக்க லீவு கேட்டுவிட்டாள், என்னைக் கேட்கவில்லை. மற்ற மாதங்களுக்கு வெண்டலினிடம் நீயே பல்லைக் காட்டிக் கேட்டுக்கொள்.

காரை அவள்தான் ஓட்டுவாள். நீ முன்னால் ஏறாதே. அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்த சீட் அது. பின்னால் உட்கார்.

மார்லீஸ்